கிராபிக்ஸ் கார்டை எடை போடுவது எப்படி?

"இந்தக் கார்டு எப்படிடா?" என்று நம் ஆஸ்டலில் யாரைக் கேட்டாலும் மூன்றே பதில்தான் வரும். "சூப்பர்", "வேஸ்ட்", "காசு இருக்கறவனுக்கு". சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கார்டைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு மோட்டாரைப் பற்றி இப்படி ஒரே வார்த்தையில் பதில் எழுதினால் நமக்கு லேபில் மார்க் கிடைக்குமா? ஸ்பீடு என்ன, லோடு என்ன, எவ்வளவு கரண்ட் இழுக்கிறது, எவ்வளவு சூடாகிறது என்று ரீடிங் எடுத்து எழுதச் சொல்வார்கள். கிராபிக்ஸ் கார்டும் ஒரு மிஷின்தான். அதையும் அப்படி அளந்து பார்க்கலாம். எப்படி என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உதாரணத்துக்கு என்விடியா கம்பெனியின் ஆர்.டி.எக்ஸ். 5090 என்ற கார்டை எடுத்துக்கொள்கிறேன். 2025 ஜனவரி 6-ம் தேதி அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் இதை அறிவித்தார்கள். அதே மாதம் 30-ம் தேதி விற்பனைக்கு வந்தது. அப்போதைய விலை 1,999 டாலர். நம் நாட்டுக்கு அறிவித்த ஆரம்ப விலை 2,14,000 ரூபாய். முழுக் கம்ப்யூட்டருக்கு அல்ல ஐயா, கார்டுக்கு மட்டும்! இதற்கு முந்தைய பெரிய கார்டு 2022 அக்டோபரில் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090. அதன் அறிமுக விலை 1,599 டாலர். தம்பியை அளக்க வேண்டுமென்றால் அண்ணனுக்குப் பக்கத்தில்தான் நிறுத்த வேண்டும். ஆகவே இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

இதில் நான் இறங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் ஃபேன் ஓடவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், பாங்கில் ஃபாரம் நிரப்ப வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் மாமா ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பக்கத்து அறையை வாடகைக்கு எடுத்து ஆறு கம்ப்யூட்டர் போட்டு கேமிங் சென்டர் தொடங்க நினைத்தார். "இருக்கறதுலயே பெரிய கார்டு ஒண்ணு போட்டு வாசல்ல போர்டு வெச்சா பசங்க வருவாங்கன்னு கடைக்காரர் சொல்றார். மாப்ளே, நீதான் படிக்கிற பையன். வாங்கலாமா வேண்டாமான்னு நீ சொல்லு" என்றார். பணம், அத்தையின் நகையை அடகு வைத்து வரப்போகும் பணம். "சூப்பர் மாமா" என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக முடியுமா?

முதலில் இந்தக் கார்டு செய்யும் வேலை என்ன? 4கே திரையில் 3,840 × 2,160, அதாவது 82,94,400 புள்ளிகள் இருக்கின்றன. விநாடிக்கு 60 படம் காட்ட வேண்டுமென்றால் ஒரு விநாடியில் ஏறத்தாழ 50 கோடிப் புள்ளிகளுக்கு நிறம் கணக்குப் போட வேண்டும். சி.பி.யு. என்பது கடினமான கணக்கை வரிசையாகப் போடும் கெட்டிக்காரர் சிலர். ஜி.பி.யு. என்பது எளிய கணக்கை ஒரே சமயத்தில் போடும் ஆயிரக்கணக்கான ஆட்கள். 4090-ல் இப்படி 16,384 பேர், 5090-ல் 21,760 பேர். இவர்களைக் கோர் என்கிறோம். ஆள்பலம் நூற்றுக்கு 33 கூடியிருக்கிறது.

ஆனால் ஆள் மட்டும் இருந்தால் போதாது. எங்கப்பா கொத்தனார். தளம் போடும் நாளில் நாற்பது பேர் வரிசையாக நின்றாலும் கலவை மேலே வராவிட்டால் நாற்பது பேரும் சும்மா நிற்க வேண்டியதுதான், கூலி மட்டும் ஓடும். கார்டில் கலவை தூக்குவது மெமரி. இதைக் கணக்குப் போடுவது சுலபம். பாதையின் அகலத்தை ஒவ்வொரு தடத்தின் வேகத்தால் பெருக்கி 8-ஆல் வகுக்க வேண்டும். 4090-க்கு 384 × 21 ÷ 8 = 1,008. 5090-க்கு 512 × 28 ÷ 8 = 1,792. விநாடிக்கு இத்தனை ஜிகாபைட். இது நூற்றுக்கு 78 கூடியிருக்கிறது. மெமரியின் கொள்ளளவும் 24-லிருந்து 32 ஜி.பி. ஆகியிருக்கிறது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு 4கே திரையில் விளையாட்டு 78 சதவீதம் வேகமாகும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். வெளியாட்கள் சோதித்த பெரும்பாலான விளையாட்டுகளில் உயர்வு சுமார் 30 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. மின்சாரம் 450 வாட்டிலிருந்து 575 வாட், அதாவது 28 சதவீதம் கூடுதல். விலை 25 சதவீதம் கூடுதல். சுருக்கமாகச் சொன்னால் ஆள் கூடியது, கூலி கூடியது, சாப்பாடு கூடியது, வேலையும் அதே அளவுக்குக் கூடியது. பெரிய கார்டு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு வாட்டுக்கு எவ்வளவு வேலை என்று பார்த்தால் அண்ணனும் தம்பியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். என் மதிப்பீட்டில் இந்தக் கார்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான். விளம்பரத்தில் இது இருக்காது.

விளம்பரத்தில் இருந்தது வேறு. 4090-ஐவிட இரண்டு மடங்கு என்று போட்டிருந்தார்கள். அது போதாதென்று, 549 டாலர் விலையுள்ள ஆர்.டி.எக்ஸ். 5070 கார்டு 4090-க்குச் சமம் என்று கம்பெனித் தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையிலேயே சொன்னார். 5070-ல் இருப்பது 6,144 கோர், 12 ஜி.பி. மெமரி. 16,384 பேர் செய்கிற வேலையை 6,144 பேர் எப்படிச் செய்வார்கள்? இங்கேதான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

விஷயம் இதுதான். இந்த வரிசைக் கார்டுகளில் கணக்குப் போட்டு வரைகிற ஒவ்வொரு நிஜ ஃபிரேமுக்கும் மூன்று ஃபிரேம் வரை செயற்கை நுண்ணறிவால் ஊகித்துச் சேர்க்கும் வசதி அறிமுகத்தின்போது இருந்தது. முந்தைய வரிசையில் ஒன்றுதான் சேர்க்க முடியும். லேபில் சிலர் இரண்டு ரீடிங் எடுத்துவிட்டு நடுவில் மூன்றை 'போட்டு' ரெக்கார்டை நிரப்புவார்களே, அதே கதை. கிராஃப் அழகாக வரும்! கண்ணுக்கும் படம் வழவழப்பாகவே தெரியும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நடு ஃபிரேமை ஊகிக்க அடுத்த நிஜ ஃபிரேம் தயாராகும்வரை காத்திருக்க வேண்டும். நிஜமாக விநாடிக்கு 30 ஃபிரேம் வரைந்து அதை 120 ஆக்கிக் காட்டினால், மவுஸை அசைத்ததும் வரும் பதில் 30 ஃபிரேம் கார்டின் பதிலாகத்தான் இருக்கும், சற்றுத் தாமதம்கூட ஆகும். சுட்டுத் தள்ளும் போட்டி விளையாட்டில் அந்தத் தாமதத்தில் ஆளே காலி. எனவே ஒரு கார்டின் ஃபிரேம் எண்ணிக்கையை யார் சொன்னாலும் "ஊகித்ததைச் சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேளுங்கள். இரண்டு கார்டிலும் ஒரே மாதிரி வைத்து எடுத்த எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும்.

இந்தத் துறையில் இப்படிப்பட்ட வேலைகள் புதிதல்ல. 2001-ல் ஏ.டி.ஐ. கம்பெனியின் ரேடியான் 8500 கார்டு குவேக் 3 விளையாட்டில் நல்ல வேகம் காட்டியது. ஒரு பத்திரிகைக்காரர்கள் அந்த விளையாட்டு ஃபைலில் குவேக் என்ற பெயரைக் குவாக் என்று மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். வேகம் குறைந்துவிட்டது! பெயரைப் பார்த்து டிரைவர் படத்தின் தரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டியிருக்கிறது. 2003-ல் என்விடியாவின் முறை. 3டி மார்க் 03 என்ற சோதனையில் கேமரா எப்போதும் ஒரே பாதையில்தான் போகும். அந்தப் பாதையிலிருந்து தெரியாத இடங்களை வரையாமலே விட்டுவிட டிரைவரில் ஏற்பாடு இருந்தது. கேமராவைச் சற்றுத் திருப்பினால் வானம் அரைகுறையாக நிற்கும். சோதனையைத் தயாரித்தவர்கள் அதைச் சரிசெய்ததும் மதிப்பெண் சுமார் 24 சதவீதம் இறங்கியது. கேள்வித்தாள் முன்கூட்டியே தெரிந்த மாணவன் வாங்கும் மார்க்குக்கு என்ன மதிப்போ, எல்லோரும் ஓட்டும் ஒரே சோதனையின் மதிப்பெண்ணுக்கும் அதே மதிப்புதான். நாம் விளையாடப் போகும் விளையாட்டில், நாமே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து அளப்பது மேல்.

சரி, எதை அளப்பது? சராசரி ஃபிரேம் எண்ணிக்கையை மட்டும் அளந்தால் போதாது. நம் ஊர் டவுன் பஸ்ஸை நினைத்துப் பாருங்களேன். மணிக்கு ஆறு பஸ் என்று போர்டில் இருக்கும். ஐம்பது நிமிஷம் ஒன்றும் வராது. அப்புறம் ஆறும் வால்பிடித்துக்கொண்டு வரும். கணக்குப்படி மணிக்கு ஆறு பஸ் சரிதான், பரீட்சைக்குப் போகிறவன் கதி?

கார்டிலும் இதே கணக்கு. ஒரு விநாடி என்பது 1,000 மில்லி செகண்ட். முதல் கார்டு 60 ஃபிரேமையும் சீராக 16.7 மில்லி செகண்டுக்கு ஒன்றாகக் கொடுக்கிறது. இரண்டாவது கார்டு 50 ஃபிரேமை 10 மில்லி செகண்டில் ஒவ்வொன்றாகக் கொடுத்துவிடுகிறது. அதற்கு 500 ஆயிற்று. மீதி 10 ஃபிரேமை ஒவ்வொன்றும் 50 மில்லி செகண்ட் எடுத்துக்கொண்டு கொடுக்கிறது. அதற்கு இன்னொரு 500. இரண்டுக்கும் சராசரி 60! ஆனால் இரண்டாவதில் படம் திக்கித் திக்கி ஓடும். 2011-ல் ஸ்காட் வாசன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் விநாடிக்குள் என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு ஃபிரேமின் நேரத்தையும் தனித்தனியாகப் பார்த்துக் கட்டுரை எழுதினார். அதற்குப் பிறகுதான் இந்த முறை பரவியது. இப்போது சோதனை அட்டவணைகளில் '1 சதவீத லோ' என்று ஒரு கட்டம் இருக்கும். மிக மெதுவாக வந்த நூற்றில் ஒரு பங்கு ஃபிரேம்களின் வேகம் அது. சராசரி 140, லோ 110 என்றால் நல்ல கார்டு. சராசரி 160, லோ 45 என்றால் எங்கோ இடிக்கிறது. நான் முதலில் பார்ப்பது லோ கட்டத்தைத்தான்.

இதை அளக்க லட்ச ரூபாய்க் கருவி எதுவும் வேண்டாம். பிரசன்ட்மான் என்ற மென்பொருளை இன்டெல் இலவசமாகவே கொடுக்கிறது. ஒவ்வொரு ஃபிரேமின் நேரத்தையும் அது வரிசையாக எழுதிவைத்துவிடும். அதை எக்செலில் போட்டு சார்ட் எடுத்தால் போதும். அந்தக் கோடு நம் புரொஃபைல் லெவலிங் கிராஃப் மாதிரி. மேடு எங்கே பள்ளம் எங்கே என்று சிவில் நண்பர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது திரை. 1080பி திரையில் 20,73,600 புள்ளிகள்தான், 4கே திரையின் கால் பங்கு. அந்தத் திரையில் 5090-ஐப் போட்டால் கார்டு தன் வேலையைச் சட்டென்று முடித்துவிட்டு, சி.பி.யு. அடுத்த ஃபிரேமுக்கு உத்தரவு தருவதற்காகக் காத்திருக்கும். கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: படத்தின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். ஃபிரேம் கூடினால் கார்டுதான் எல்லை. கூடவே இல்லையென்றால் சி.பி.யு.தான் எல்லை, அங்கே கார்டுக்குப் பணம் கொட்டிப் பயனில்லை. தவிர 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் விநாடிக்கு 144 தடவைக்கு மேல் படத்தை மாற்றிக் காட்டாது. கார்டு 400 வரைந்தாலும் அவ்வளவுதான்.

இனி எலெக்ட்ரிகல் பிரிவு நண்பர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரவும். எனக்கு இதில்தான் ஆர்வம் அதிகம். 575 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 47.9 ஆம்பியர். வீட்டில் ஏ.சி.கூட இவ்வளவு ஆம்பியர் இழுக்காது. வோல்ட் குறைவு, ஆகவே ஆம்பியர் அதிகம். இந்தக் கரண்ட் முழுவதும் விரல் அகல கனெக்டர் ஒன்றின் வழியாகப் போகிறது. அதில் 12 வோல்ட் பின்கள் ஆறு. ஒரு பின்னுக்கு 8 ஆம்பியர். பின்னின் தாங்குதிறன் 9 ஆம்பியர் சொச்சம். பழைய எட்டு பின் கனெக்டரில் 150 வாட்டுக்கு மூன்று பின்கள், ஒன்றுக்கு 4.2 ஆம்பியர்தான். அப்போது இருந்த தாராளம் இப்போது இல்லை.

எல்லாப் பின்னும் சமமாகச் சுமந்தால் பிரச்சினை இல்லை. ஏதோ ஒன்றில் தொடர்பு சரியாக இல்லாவிட்டால் அதன் பங்கு மற்றவற்றின் தலையில் விழும். 2025 பிப்ரவரியில் டெர்பவுவர் என்ற பெயரில் எல்லோருக்கும் தெரிந்த ஜெர்மன் நிபுணர் தம் 5090-ன் கம்பிகளில் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தபோது ஒரே கம்பியில் 20 ஆம்பியருக்கு மேல் காட்டியது. சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம் என்பது முதல் வருஷப் பாடம். 8-க்குப் பதில் 20 என்றால் இரண்டரை மடங்கு கரண்ட், ஆறேகால் மடங்கு சூடு! பிளாஸ்டிக் என்ன ஆகும்? 2022 கடைசியிலேயே 4090-ன் கனெக்டர்கள் உருகியதாகப் புகார்கள் வந்தன. பிளக்கை முழுதாக அழுத்தாததே காரணம் என்று என்விடியா சொன்னது. பிறகு கனெக்டரின் அமைப்பைக் கொஞ்சம் மாற்றினார்கள். ஆனால் ஒரு சில தயாரிப்புகளைத் தவிர, பின்கள் ஆறும் கார்டுக்குள் நுழைந்ததும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. எந்தக் கம்பியில் எவ்வளவு போகிறது என்பது கார்டுக்கே தெரியாது. இரண்டு லட்ச ரூபாய்ச் சாமானில் கம்பிக்குக் கம்பி ஒரு காவல் வைக்கக்கூடாதா என்று எனக்குத் தோன்றுகிறது. இப்படிப்பட்ட கார்டை யாராவது மாட்டச் சொன்னால் 'க்ளிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள், கம்பியைப் பிளக்கை ஒட்டியே மடக்காதீர்கள், முடிந்தால் நம் லேப் டி.சி. கிளாம்ப் மீட்டரை ஒரு தடவை ஒவ்வொரு கம்பியிலும் போட்டுப் பாருங்கள்.

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 575 வாட் என்பது முக்கால்வாசி இஸ்திரிப் பெட்டியைக் கேபினெட்டுக்குள் வைத்த மாதிரி. சோதனைக் கட்டுரைகளில் 'கார்டு 72 டிகிரி' என்று போட்டிருந்தால் அந்த அறை எத்தனை டிகிரி என்று தேடுங்கள். அது 21 டிகிரி அறை என்றால் உயர்வு 51. நம் ஊர் சித்திரை வெயிலில், 36 டிகிரி அறையில் அதே கார்டு 87-க்குப் போகப் பார்க்கும். ஃபேன் கத்தும், கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

மாமா கணக்குக்கு வருகிறேன். அவர் சென்டருக்கு வரும் பையன்கள் விளையாடுவது வாலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2, ஜி.டி.ஏ. 5. பேசி வைத்திருந்த மானிட்டர்கள் ஆறும் 1080பி, 144 ஹெர்ட்ஸ். மணிக்கு 50 ரூபாய் என்று வைத்தால், 2,14,000 ரூபாயை எடுக்க அந்த ஒரு நாற்காலியில் 4,280 மணி நேரம் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு நாள்கூடக் காலியில்லாமல் தினம் பத்து மணி நேரம் ஓடினாலும் 428 நாள். கரண்ட் பில், வாடகை, நகை வட்டி எதையும் நான் இதில் சேர்க்கவில்லை.

மாறாக, 2025-லேயே அறிமுகமான சின்னக் கார்டுகளைப் பார்த்தேன். ஆர்.டி.எக்ஸ். 5060-ன் அறிமுக விலை 299 டாலர், மெமரி 8 ஜி.பி., 145 வாட். 5060 டி.ஐ.-யில் 16 ஜி.பி. உள்ளது 429 டாலர், 180 வாட். புதிய பெரிய விளையாட்டுகள் சிலவற்றில் படத்தரத்தை உச்சத்தில் வைத்தால் 8 ஜி.பி. போதாமல் லோ எண் சரிந்துவிடுகிறது; அது இந்தச் சின்னக் கார்டின் நிஜமான குறை. ஆகவே நான்கு மிஷினுக்கு 5060, இரண்டுக்கு 16 ஜி.பி. டி.ஐ. என்று போட்டேன். 4 × 299 + 2 × 429 = 2,054 டாலர். ஒரே ஒரு 5090-ன் விலைக்கு மேல் 55 டாலர்தான், ஆறு மிஷினுக்கும் கார்டு முடிந்துவிடுகிறது! கடைக்குக் கடை ரூபாய் விலை மாறும், ஆனால் விகிதம் புரிகிறதல்லவா?

மாமாவுக்கு மெமரி, ஃபிரேம் எதுவும் தேவைப்படவில்லை. 428 நாள் என்றதும் "போதும் மாப்ளே" என்று நிறுத்திவிட்டார். 4கே மானிட்டரில் நிறையப் படம் எடிட் செய்கிறவர், முப்பரிமாணப் படம் தயாரிக்கிறவர், பெரிய செயற்கை நுண்ணறிவு மாடல்களைச் சொந்த மிஷினில் ஓட்டுகிறவர் இவர்களுக்கு அந்த 32 ஜி.பி. சோறு போடும், அவர்கள் வாங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

கார்டு வாங்கப் போன அன்று பென் டிரைவில் பிரசன்ட்மானைப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். முதல் மிஷினைக் கடையிலேயே பூட்டச் சொல்லி, ஒரே இடத்தில் மூன்று தடவை ஓட்டினேன். முதல் ஓட்டத்தில் விளையாட்டு தன் சாமான்களை ஏற்றிக்கொண்டிருக்கும், அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. கடைப் பையன், "யாரும் இப்படியெல்லாம் கேக்க மாட்டாங்க தம்பி" என்று சிரித்தார். இரண்டாவதும் மூன்றாவதும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தன. லோ எண்ணும் சராசரியை விட்டு வெகுதூரம் விலகவில்லை. மாமா அதுவரை பணப் பையைத் திறக்கவே இல்லை. நான் தலையாட்டியதும் எண்ணிக் கொடுத்தார்.